வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்றது காய்க்கொடியே!

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் மர நிழலில் சுகமாக உட்கார்ந்திருக்கும் நண்பர்களே! வீட்டில் அரிவாள்மணையில் காய் நறுக்கிக்கொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு போடு போட்டார்கள். “கொடி என்னங்க கொடி? சொந்தக் காலில் நிற்கத் தெரியாது. அடுத்தவன் தோளில் கை போட்டுக்கொண்டு பிழைக்கிறது” என்றார்கள். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். நன்றாகப் பேசினால் தட்டத்தானே வேண்டும்?

நான் தமிழில் டாக்டர் பட்டம் வாங்கியவன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழி என்னைப் பார்த்துத்தான் பிறந்தது என்று என் மனைவி நினைக்கிறாள். “ஏங்க, முப்பது வருஷமா ஏட்டிலே சுரைக்காய் விளைவிக்கிறீங்க, ஒண்ணாவது சாம்பாருக்கு வந்துச்சா?” என்று கேட்டாள். (சிரிப்பு) அந்த ரோஷத்தில்தான் கொல்லையில் நானே பந்தல் போட்டேன்.

போட்ட பிறகுதான் கொடியைக் கவனித்துப் பார்த்தேன். பாகல், பீர்க்கு, புடலை மூன்றுக்கும் கம்பிச்சுருள் மாதிரி பற்றுக்கம்பி உண்டு. அது காற்றில் துழாவும். ஒரு குச்சி தட்டுப்பட்டால் போதும், சுற்றி வளைத்துப் பிடித்துக்கொள்ளும். அவரைக்கு அந்த வசதிகூட இல்லை. தன் தண்டையே கயிறாக முறுக்கிக்கொண்டு ஏறும். இதுவா அம்மா சோம்பேறி? ஒரு குச்சியைக் கொடுத்தால் கூரை வரைக்கும் போய்விடுகிறதே!

சுரைக்கொடி ஒன்றும் வைத்தேன். பூவாகப் பூத்துத் தள்ளியது, காயைக் காணோம். பக்கத்து வீட்டுக்காரர், “பிடுங்கிப் போடுங்க சார்” என்றார். நல்லவேளை, பிடுங்கவில்லை. முதலில் ஆண் பூதான் வரும். பெண் பூ பின்னால் வரும். வரும்போதே பூவுக்கு அடியில் விரல்நுனி அளவு பிஞ்சோடு வரும். ஒரு வாரம் பொறுத்தேன், வந்தது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். வெளியே கிளம்ப நான்தான் முதலில் தயாராகி வாசலில் நிற்பேன். (பலத்த சிரிப்பு)

பாகற்காய்க்கு இரண்டு மாதம் போதும். புடலை ஊன்றினால் எண்பது நாளில் காய். வளையாமல் இருக்க நுனியில் ஒரு சின்னக் கல்லைக் கட்டிவிட்டால் நேராக இறங்கும். தென்னையோ, நெட்டை ரகம் என்றால் பாளை விட ஆறேழு வருஷம் காத்திருக்க வேண்டும். வேம்பு, புங்கு வைத்தால் நம் பேரப்பிள்ளைகள் நிழலில் உட்காருவார்கள். நல்லதுதான். ஆனால் இன்றைக்கு மத்தியானம் சோற்றுக்கு என்ன தொட்டுக்கொள்வது?

வேம்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். வேப்பெண்ணெயை வைத்துப் பூஞ்சை நோய்க்கு மருந்து செய்யும் முறைக்கு ஐரோப்பாவில் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். இது எங்களுக்குக் காலங்காலமாகத் தெரிந்ததுதான் என்று நம் நாட்டு ஆட்கள் போராடியபிறகு 2000-ல் அதை ரத்து செய்தார்கள். மேல்முறையீட்டிலும் 2005-ல் நம் பக்கமே தீர்ப்பு. அவ்வளவு பெருமை அந்த மரத்துக்கு. ஆனால், நடுவர் அவர்களே, அந்த மரத்தை நட ஒரு இடம் வேண்டுமே? அது யாருடைய இடம்?

எனக்கு ஒன்பது வயதில் அப்பா தவறிவிட்டார். அம்மா, அக்கா, நான். மன்னார்குடியில் ஒரு வாடகை வீட்டின் பின்கட்டு. ஒரு நாள் அம்மா எங்கிருந்தோ ஒரு முருங்கைப் போத்து வாங்கிவந்து கொல்லையில் ஊன்றப் போனார். வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். “மரம் கிரம் எல்லாம் வைக்காதேம்மா. இன்னிக்கு மரம் வேர் விடும், நாளைக்கு நீங்க வேர் விட்டுடுவீங்க” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அம்மா ஒன்றும் பேசவில்லை. அந்தப் போத்தை மதில் ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

அந்த ஆடியில் அம்மா அவரை ஊன்றினார். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் நாலு விதை. ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள் அல்லவா? கொடி வளர்ந்ததும் எரிக்க வாங்கின சவுக்குக் குச்சியில் ஆறு குச்சி எடுத்துப் பந்தல் போட்டார். அவரைக்குப் பொழுது சுருங்கினால்தான் பூ வரும். மார்கழியில் பந்தல் கொள்ளாமல் காய்த்தது. அசுவினி மொய்த்தால் அடுப்புச் சாம்பலைத் தூவிவிடுவார், அவ்வளவுதான். மூன்று மாதம் எங்கள் வீட்டில் அவரைக்காய்ப் பொரியல், அவரைக்காய்க் குழம்பு, அவரைக்காய்க் கூட்டு. “திரும்பவும் அவரைக்காயா?” என்று நான் தட்டைத் தள்ளியிருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த மூன்று மாதம் அம்மா காய்கறிக் கடைப் பக்கமே போகவில்லை என்பதை அக்கா பிற்பாடுதான் சொன்னாள். பறிக்கிற முதல் படிக் காய் எப்போதும் வீட்டுக்காரம்மாவுக்குப் போகும். மரம் வைக்கக்கூடாது என்று சொன்னவர் வீட்டுக்கு!

இரண்டு வருஷத்தில் அந்த வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். சாமான்களை வண்டியில் ஏற்றியாகிவிட்டது. அம்மாவைக் காணோம். போய்ப் பார்த்தால் பந்தலில் காய்ந்து தொங்கின நெற்றையெல்லாம் உரித்து, விதையை முந்தானையில் முடிந்துகொண்டிருக்கிறார். அடுத்த வீட்டுக்குப் போனோம், அங்கேயும் அவரை. அதற்கடுத்த வீட்டிலும் அவரை. எதிரணி நண்பர்களே, உங்கள் வேப்பமரத்தை முந்தானையில் முடிய முடியுமா? (கைதட்டல்)

பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான் என்று புறநானூறு பாராட்டுகிறது. மரத்துக்கு யாராவது தேர் கொடுத்தார்களா? “தேரே மரத்தில் செய்ததுதானே” என்று எதிரணியில் முணுமுணுக்கிறார்கள், காதில் விழுகிறது. ஆமாம் ஐயா, வெட்டித்தான் செய்தார்கள்! (சிரிப்பு)

இன்னும் இரண்டு நிமிடம் கொடுங்கள், நடுவர் அவர்களே.

அக்காவைப் பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு உள்ள வீட்டில் கட்டிக்கொடுத்தோம். சீர் சாமான்களுக்கு நடுவே ஒரு துணி முடிச்சில் அம்மா அவரை விதையும் வைத்தார். சம்பந்திவீட்டார் சிரித்திருப்பார்கள். தோப்பு இருக்கிற வீட்டுக்கு அவரை விதையா?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. நான்காம் நாள்தான் நான் போக முடிந்தது. அறுபது மரத்தில் நாற்பத்தெட்டு விழுந்து கிடக்கிறது. அத்தான் திண்ணையில் உட்கார்ந்தபடியே இருக்கிறார், “வாங்க மாப்பிள்ளே” என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. பந்தலும்தான் போயிற்று, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவரைக்கு வேர் மண்ணிலேயே இருந்தது. கிழிந்தது கிழிந்தது போக, பச்சையாக இருந்த இரண்டு கொடியை அக்கா மெதுவாகப் பிரித்தெடுத்து, விழுந்து கிடந்த தென்னையின் மேலேயே படரவிட்டிருந்தாள். “இப்ப போய் இது எதுக்குக்கா?” என்றேன். “தம்பி, மரம் திரும்ப வர ஏழு வருஷம் ஆகும். நாளைக்கு இவருக்கு நான் என்ன குழம்பு வைக்கிறது?” என்றாள்.

தையில் அந்தத் தென்னை மேலே அவரை காய்த்துக் கிடந்ததை நான் போய்ப் பார்த்தேன். விழுந்த பிறகும் மரம் கொடியைத் தாங்கியதே என்று எதிரணி கேட்கலாம். கேளுங்கள், அந்த ஒரு மதிப்பெண்ணை உங்களுக்கே விட்டுக்கொடுக்கிறேன். அதே தை மாதத்தில் புதுத் தென்னங்கன்றுக்கும் அக்கா குழி வெட்டினாள். இரண்டு கன்றுக்கு நடுவில் இருந்த இடத்தில் பீர்க்கு விதை ஊன்றினாள்.

அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. அந்த அவரை இன்னும் இருக்கிறது. இந்த வருஷ விதையில் அக்கா எனக்கு அனுப்பிய பொட்டலம் இதோ, சட்டைப் பையில் இருக்கிறது. நடுவர் ஐயாவுக்கென்று ஒரு பிடி தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் இப்போது கொடுத்தால் லஞ்சம் என்பார்கள். தீர்ப்பைச் சொல்லிவிட்டு வாருங்கள், தருகிறேன்.