கோடைக்காலப் பரிமாற்றமா, கூலி உழைப்பா?

(ஹைதராபாத்தில் மாணவர்களும் பெற்றோரும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அமீர்பேட்டைத் தெருக்களில் மாலை நேரத்தில் நடந்து செல்பவர் வானத்தைப் பார்ப்பது அரிது. கணினிப் பயிற்சி நிலையங்களின் பலகைகளும் வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிலையங்களின் பலகைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. நகரத்துக்கு வெளியே சில்கூர் பாலாஜி கோயிலில் விசா வேண்டி 11 சுற்றும், கிடைத்தபின் நன்றிக்கடனாக 108 சுற்றும் வருகிறார்கள். 'விசா பாலாஜி' என்பதே அந்தக் கடவுளின் வழக்குப் பெயராகிவிட்டது. விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் அமெரிக்கா புதிதாகத் திறந்த முதல் துணைத் தூதரகம் 2008இல் அமைந்ததும் இந்நகரில்தான். தேவை எங்கே இருக்கிறது என்பதை அமெரிக்க அரசு நன்கு அறிந்திருந்தது.

இந்தச் சந்தையில் பட்டப்படிப்புக்கும் மேற்படிப்புக்கும் அப்பால் இன்னொரு சரக்கும் விற்பனையாகிறது. கோடை விடுமுறையில் அமெரிக்கா செல்லலாம், சில மாதங்கள் வேலை செய்யலாம், சம்பாதித்த பணத்தில் ஊர் சுற்றிப் பார்த்துத் திரும்பலாம் என்பதே அந்த அழைப்பு. ஜே-1 விசாவின்கீழ் வரும் இத்திட்டத்துக்குக் 'கோடைக்கால வேலையும் பயணமும்' என்று பெயர். தன் நாட்டில் கல்லூரியில் பயிலும் மாணவர் அதிகபட்சம் 4 மாதங்கள் அமெரிக்காவில் பருவகால வேலை செய்ய இது இடமளிக்கிறது. கடற்கரை விடுதிகள், கேளிக்கைப் பூங்காக்கள், உணவகங்கள், நீச்சல் குளங்கள் ஆகியவையே வேலையிடங்கள். ஆண்டுக்கு 1,09,000 பேர் என்ற உச்சவரம்பு 2011 முதல் நடைமுறையில் உள்ளது. கிழக்கு ஐரோப்பா, துருக்கி, ஜமைக்கா, பெரு முதலிய நாடுகளின் மாணவர்களே இதில் மிகுதி. இந்திய மாணவர்களின் பங்கு சிறிது. ஆனால் கதவு இங்கும் திறந்திருக்கிறது.

இத்திட்டத்தின் வேர் 1961ஆம் ஆண்டின் ஃபுல்பிரைட்-ஹேஸ் சட்டம். நாடுகளுக்கிடையே நல்லெண்ணம் வளர்ப்பதே அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். எனவே இதை நிர்வகிப்பது தொழிலாளர் துறை அன்று, வெளியுறவுத் துறை. இந்த ஒரு வேறுபாட்டில்தான் முழுக் கதையும் அடங்கியிருக்கிறது. பருவகாலத் தொழிலாளரை எச்-2பி விசாவில் வரவழைக்கும் முதலாளி, உள்ளூரில் ஆள் தேடியும் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறையிடம் சான்று பெற வேண்டும். அந்த வட்டாரத்தில் நிலவும் கூலியைத் தர வேண்டும். அதே விடுதியில் அதே படுக்கை விரிப்பை மாற்றுவதற்கு மாணவரை வரவழைத்தால் அந்தச் சான்று தேவையில்லை. மேலும், சமூகப் பாதுகாப்பு, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்காக முதலாளி செலுத்தும் 7.65 விழுக்காட்டு வரியும் இம்மாணவர்களுக்குக் கிடையாது. அதாவது 100 டாலர் கூலிக்கு 7 டாலர் 65 சென்ட் முதலாளிக்கு மிச்சம். நல்லெண்ணத்தின் விலை இவ்வளவு துல்லியமாக வேறெங்கும் குறிக்கப்பட்டதில்லை.

இந்த ஏற்பாடு நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதை 2011ஆம் ஆண்டுக் கோடையில் பென்சில்வேனியா மாநிலத்தின் பால்மைரா என்ற சிற்றூர் உலகுக்குக் காட்டியது. ஹெர்ஷி நிறுவனத்தின் சாக்லேட்டுகளைப் பொதி கட்டும் கிடங்கு அங்கே இருந்தது. கிடங்கை ஹெர்ஷி நேரடியாக நடத்தவில்லை. எக்ஸெல் என்ற சரக்குப் போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தது. எக்ஸெல் ஆள் வழங்கும் மற்றொரு நிறுவனத்தை அமர்த்தியது. மாணவர்களைத் திட்டத்தின்கீழ் வரவழைத்ததோ செட்டூசா என்ற புரவலர் அமைப்பு. இப்படி அடுக்கடுக்கான ஒப்பந்தங்களின் அடியில் சீனா, துருக்கி, உக்ரைன், ருமேனியா, நைஜீரியா முதலிய நாடுகளிலிருந்து வந்த சுமார் 400 மாணவர்கள் நின்றார்கள். அவர்களில் மருத்துவம் பயின்றவர் உண்டு. பொறியியல் பயின்றவரும் உண்டு. கனமான பெட்டிகளைத் தூக்குவதும், ஓடும் பட்டையின் வேகத்துக்கு ஈடுகொடுப்பதும், பலருக்கு இரவு முழுவதும் விழித்திருப்பதுமே அவர்கள் பெற்ற பண்பாட்டுப் பரிமாற்றம்.

கணக்கைப் பார்ப்போம். புறப்படும் முன்பே ஒவ்வொருவரும் 3,000 முதல் 6,000 டாலர் வரை செலவழித்திருந்தனர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1.35 லட்சம் முதல் 2.7 லட்சம் ரூபாய். கூலி மணிக்கு 8 டாலர் 35 சென்ட். வாரத்துக்கு 40 மணி நேரம் உழைத்தால் 334 டாலர். வீட்டு வாடகையும் பிற பிடித்தங்களும் கூலியிலிருந்தே கழிக்கப்பட்டன. கையில் மிஞ்சியது வாரத்துக்கு 40 முதல் 140 டாலர் வரைதான் என்று மாணவர்கள் கூறினர். மிகக் குறைந்த செலவான 3,000 டாலரை, மிக அதிகமான 140 டாலர் மிச்சத்தைக் கொண்டு அடைப்பதாக வைத்துக்கொண்டாலும் 21 வாரங்களுக்கு மேல் ஆகும். விசா அனுமதிக்கும் 4 மாதம் என்பதோ 17 வாரங்கள். உண்ணாமல் உழைத்தாலும் கடன் அடையாது.

2011 ஆகஸ்ட் 17 அன்று மாணவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியேறினார்கள். ஆங்கிலமே இரண்டாம் மொழியான, ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாத இளைஞர்கள், சில வாரப் பழக்கத்தில் ஒன்றுபட்டது சிறிய செயலன்று. தங்கள் பணத்தைத் திருப்பித் தரக் கேட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. இந்த வேலைகளை வாழத்தக்க கூலியுடன் உள்ளூர்த் தொழிலாளருக்கே கொடுங்கள் என்றும் கேட்டார்கள். 'அயல்நாட்டார் நம் வேலையைப் பறிக்கிறார்கள்' என்ற நச்சுப் பிரச்சாரத்துக்கு இதைவிடச் செம்மையான மறுமொழி கிடையாது. ஆதரவாக மறியலில் அமர்ந்த பென்சில்வேனியாவின் தொழிற்சங்கத் தலைவர்கள் சிலர் கைது செய்யப்பட்டனர். அந்த வட்டாரத்துக்கு இது புதிதன்று. 1937 ஏப்ரலில் ஹெர்ஷி ஆலைக்குள்ளேயே அமர்ந்து தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஆலைக்குப் பால் வழங்கிய பண்ணையாளர்களும் நிர்வாக ஆதரவாளர்களும் தடிகளோடு புகுந்து அவர்களை அடித்து வெளியேற்றினர். பின்னர்தான் அங்கே சங்கம் நிலைபெற்றது.

மாணவர் போராட்டம் வீண்போகவில்லை. 2012இல் செட்டூசா இத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் வந்த புதிய விதிகள் கிடங்கு வேலை, ஆலை வேலை, கட்டுமானம், இரவு வேலை ஆகியவற்றிலிருந்து இம்மாணவர்களை விலக்கின. கூலி அமெரிக்கத் தொழிலாளருக்கு நிகராக இருக்க வேண்டும் என்றும் கூறின. ஆயினும் புறப்படுமுன் ஏறும் கடனை அவை ஒழிக்கவில்லை. மறு ஆண்டே, 2013 மார்ச்சில், அதே மாநிலத்தில் ஒரு மெக்டொனால்ட்ஸ் கிளைக் குழுமத்தில் வேலை பார்த்த மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். முதலாளிக்குச் சொந்தமான வீட்டின் நிலவறையில் நெருக்கியடித்துத் தங்கவைத்து, அதற்கும் கூலியில் வாடகை பிடித்தார்கள் என்பது அவர்களின் குற்றச்சாட்டு.

முன்பணம், கடன், வேலை கொடுத்தவனே வீடும் கொடுப்பது, இடம் மாற முடியாமை ஆகியவற்றைத் தமிழர் எங்கோ கேட்டிருக்கிறார்கள். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் கங்காணி ஆள் பிடித்த கதைதான் இது. இலங்கையில் கூலியாளின் கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்தார்கள். அந்தக் கடனை ஏற்றுக்கொள்ளும் துரையின் தோட்டத்துக்கே அவர் மாற முடியும். 1921இல்தான் அந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இன்றைய மாணவரின் சீட்டுக்கு டி.எஸ்.-2019 என்று பெயர். புரவலர் அமைப்பு அதைத் திரும்பப் பெற்றால் மாணவர் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். இரண்டும் ஒன்றே என்று கூறுவது மிகையாகும். மாணவர் சில மாதங்களில் திரும்பிவிடுகிறார், தோட்டத் தொழிலாளியோ தலைமுறைகளுக்கு அங்கேயே கிடந்தார். ஆனால் வாய் திறந்தால் சீட்டுப் போய்விடும் என்ற அச்சம் ஒன்றுதான். பழைய கங்காணி தலைப்பாகை கட்டியிருந்தார். புதியவர் குளிரூட்டிய அறையில் கழுத்துப்பட்டையோடு அமர்ந்திருக்கிறார்.

மாணவர் என்ற பெயரும் உழைப்பாளி என்ற உண்மையும் மோதும்போது அடிபடுவது யார் என்பதை இந்நகரக் குடும்பங்கள் நேரிலேயே பார்த்துவிட்டன. வேறு வகை விசாவானாலும் நோய் ஒன்றுதான். 2011 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் டிரை-வேலி பல்கலைக்கழகம் மூடப்பட்டபோது, அதன் மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தினர். பணம் கட்டியவுடன் எங்கு வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்ற அனுமதியே அங்கே உண்மையான பாடத்திட்டம். மாணவர்களில் பாதிப்பேருக்கு மேல் ஒரே அடுக்குமாடி வீட்டின் முகவரியில் பதிவாகியிருந்தனர். சிலரின் கணுக்காலில் மின்னணு வளையம் பூட்டப்பட்ட செய்தி வந்தபோதுதான் தில்லி விழித்தது. நடத்தியவருக்கு 2014இல் 16 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. 2019 ஜனவரியில் மிச்சிகனில் வெளிப்பட்ட ஃபார்மிங்டன் பல்கலைக்கழகமோ அமெரிக்கக் குடியேற்றக் காவல்துறையே பொறியாக அமைத்தது. முதல் அலையில் கைதான 130 பேரில் 129 பேர் இந்தியர். அவர்களில் தெலுங்கு மாணவர்கள் மிகுதி.

இந்திய அரசு என்ன செய்கிறது? நிஜாமாபாத்திலிருந்தும் ஜகத்தியாலிலிருந்தும் வளைகுடாவுக்குச் செல்லும் கட்டடத் தொழிலாளிக்கு 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் என்ற ஓட்டைக் குடையாவது உண்டு. ஆள்சேர்க்கும் முகவர் பதிவு பெற வேண்டும். 30,000 ரூபாயும் வரியும் தவிர அதிகம் வாங்கக்கூடாது. நடைமுறையில் இது எவ்வளவு மீறப்படுகிறது என்பதை வளைகுடாத் தொழிலாளர் குடும்பங்கள் அறியும். ஆனால் மீறுவதற்காவது ஒரு விதி இருக்கிறது. 10ஆம் வகுப்பு தேறிய மாணவரின் கடவுச்சீட்டுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. அவர் சென்றதும் திரும்பியதும் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்குத் தெரியாது. 'பரிமாற்றம்' என்ற சொல் இருப்பதால் ஆலோசனை நிலையம் தன்னை ஆள்சேர்ப்பு முகவராகவே கருதுவதில்லை.

பணம் கட்டியபின் அமெரிக்க அரசு மனம் மாறினாலும் இழப்பு மாணவருக்கே. 2020 ஜூனில் டிரம்ப் நிர்வாகம் இத்திட்டத்துக்கான விசாக்களை ஒரே ஆணையில் நிறுத்தியது. 2025 மே இறுதியில் மாணவர், பரிமாற்ற விசாக்களுக்குப் புதிய நேர்காணல் தேதி வழங்குவதைச் சில வாரங்கள் முடக்கியது. கோடை வேலைக்குச் சில வாரங்கள் என்பது முழுப் பருவம்.

ஆகவே கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். பயண ஆலோசகர்களுக்கு உரிமம் கட்டாயம் என்று பஞ்சாப் மாநிலம் 2012இல் சட்டம் இயற்றியது. தெலங்கானாவும் தமிழ்நாடும் அதை ஆராய்ந்து, குறைகளைக் களைந்து ஏற்க வேண்டும். கட்டண உச்சவரம்பு மாணவருக்கும் பொருந்த வேண்டும். விசா மறுக்கப்பட்டால் எந்தத் தொகை, எத்தனை நாளில் திரும்பும் என்பது தெலுங்கிலோ தமிழிலோ எழுத்தில் இருக்க வேண்டும். வேலை கொடுப்பவரின் பெயர், ஊர், மணிக்கூலி, வாடகைப் பிடித்தம் ஆகிய நான்கையும் பார்க்காமல் எந்தப் பெற்றோரும் நகையை அடகு வைக்க வேண்டாம். கொடுக்க மறுக்கும் நிலையத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் இம்மாணவர்களையும் பதிவு செய்ய வேண்டும் என்ற மனு தயாராக உள்ளது. படிவங்கள் வாசலருகே மேசைமீது இருக்கின்றன. சென்று திரும்பிய மாணவர்கள் தங்கள் கூலிச் சீட்டின் நகலையும் அதனுடன் இணைத்தால் மனுவுக்கு வலிமை கூடும்.