கடைசியாகச் சேர்ந்தவரின் ரோஸ்டர்



பட்டமளிப்பு விழா மேடைகளில் முதல் வேலையைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். அதற்கு யோசனை சொல்ல உங்கள் சித்தப்பாக்களும் மாமாக்களும் போதும். நான் பேச வந்தது நாற்பது வயதில் வரும் சிக்கலைப் பற்றி. கை பழகிய வேலை, தெரிந்த ஆட்கள், ஓரளவு மரியாதை எல்லாம் அமைந்திருக்கும். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய இடத்திலிருந்து அழைப்பு வரும். போவதா, இருப்பதா?

நான் விமானி. பறப்பதை விட்டுவிட்டு இப்போது சிமுலேட்டரில் பயிற்சி கொடுக்கிறேன். இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறவர்கள் நிறைய. எங்கள் தொழிலில் இந்த மாற்றத்துக்குக் கொடுக்க வேண்டிய விலை அதிகம். அதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் இது பச்சையாகத் தெரியும். அங்கே ஒரு சிறிய பிராந்திய நிறுவனத்தில் பதினைந்து வருடம் கேப்டனாக இருந்தவர், டெல்டா, யுனைடெட் போன்ற பெரிய நிறுவனத்தில் சேர்ந்தால் முதல் வருட ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை விமானி. அவ்வளவுதான். பறந்த மணிக்கணக்கு எத்தனை ஆயிரமானாலும் வாசலைத் தாண்டத்தான் உதவும். உள்ளே போனபின் பேசுவது, சேர்ந்த வரிசைப்படி கிடைக்கும் சீனியாரிட்டி எண். எந்த விமானம், எந்த ஊர், எந்த நாள் லீவு, எப்போது கேப்டன் என்பதெல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தது. ரேஷன் கடையில் பாதி வரிசை நகர்ந்தபிறகு, பக்கத்துக் கடையில் அரிசி நன்றாயிருக்கிறதாம் என்று கேள்விப்பட்டு அங்கே போய்க் கடைசியில் நிற்கிற கதைதான். ஆட்குறைப்பு வந்தால் கடைசி ஆள் முதலில் வெளியே. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு ஆயிரக்கணக்கான விமானிகள் அப்படித்தான் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

இன்னொரு கொடுமையும் உண்டு. மேலே இருப்பவர் ஓய்வு பெற்றால்தான் வரிசை நகரும். யார் எந்தத் தேதியில் அன்றைய ஓய்வு வயதான அறுபதைத் தொடுவார் என்பது ஊரறிந்த விஷயம் என்பதால், இளையவர்கள் தாங்கள் கேப்டனாகும் வருடத்தைக் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். 2007 டிசம்பரில் ஓய்வு வயதை 65 ஆக்கி அங்கே சட்டம் வந்தது. மேலே இருந்தவர்கள் இன்னும் ஐந்து வருடம் உட்கார்ந்துகொண்டார்கள். அடுத்த வருடமே பொருளாதாரச் சரிவு. கீழே இருந்தவர்களின் கணக்கெல்லாம் தவிடுபொடி. சட்டத்தில் தவறில்லை, அறுபது வயதில் நல்ல உடல்நலத்தோடு இருப்பவரை ஏன் அனுப்ப வேண்டும்? ஆனால் ஒருவருக்குக் கிடைத்த ஐந்து வருடம் இன்னொருவர் கணக்கிலிருந்துதான் போயிற்று.

நம் நாட்டில் பிடி இவ்வளவு இறுக்கமில்லை. அதே ரக விமானத்தில் கேப்டனாக இருப்பவரைக் கேப்டனாகவே எடுப்பதுண்டு. ஆனால் சிறிய ஏடிஆர் விமானத்தின் கேப்டன் ஏர்பஸ் 320-க்குப் போக நினைத்தால், பெரும்பாலும் துணை விமானியின் வலப்பக்க இருக்கைக்குத்தான் திரும்ப வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் கேப்டனுக்கு அப்படித்தான் ஆயிற்று. பெயர் வேண்டாம். வயது 42. எழுபது சொச்சம் இருக்கை கொண்ட விமானத்தில் தென்னாட்டின் சின்னச் சின்ன ஊர்களுக்குப் போய்வருவார். காலையில் கிளம்பினால் ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு. மகள் ஒன்பதாம் வகுப்பு. பெரிய நிறுவனம் ஒன்று கூப்பிட்டது. கூடுதல் சம்பளம், பின்னாளில் அகல உடல் விமானம், லண்டன், சிட்னி என்று எச்.ஆர். நிறையச் சொல்லியிருந்தார்கள். என்னிடம் வந்தார்.

"எச்.ஆர். சொன்னது இருக்கட்டும்மா. அங்கே கடைசியாகச் சேர்ந்தவர் யாரென்று கண்டுபிடித்து, அவருடைய ரோஸ்டரை வாங்கிக்கொண்டு வாங்க" என்றேன். ரோஸ்டர் என்றால் யாருக்கு எந்த நாள் என்ன வேலை என்று சொல்லும் அட்டவணை.

போனில் படமாக வாங்கி வந்தார். டீயை வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாகப் பார்த்தோம். அதிகாலை மூன்றரைக்கு ஆஜர். அடுத்தடுத்து இரண்டு இரவு வேறு ஊர் ஹோட்டலில். விடுப்பு செவ்வாய், புதன். ஞாயிறு ஒன்றுகூட இல்லை. தீபாவளியன்று ஸ்டாண்ட்பை. அதாவது சீருடையை இஸ்திரி போட்டு மாட்டிவைத்துவிட்டு, அழைப்பு வருமோ என்று போனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நாள். பேஸ், அதாவது வேலை தொடங்கும் ஊர், டெல்லி. அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சார், இது எத்தனை வருஷத்துக்கு?" என்று கேட்டார். சரியான கேள்வி. எச்.ஆரிடம் அதற்குப் பதில் இருக்காது.

ரோஸ்டரில் தெரியாத விலையும் உண்டு. கேப்டன் இடப்பக்கம் உட்காருவார். இடது கையால் விமானத்தைத் திருப்புவார், வலது கையை என்ஜின் லீவரில் வைத்திருப்பார். வலப்பக்கம் மாறினால் இரண்டு கையும் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். எந்தக் கை எதைப் பிடிக்க வேண்டும் என்று முதல் சில பயிற்சிகளில் யோசித்து யோசித்துத்தான் செய்வார்கள். தோளில் நான்கு கோடு மூன்றாகும். இதெல்லாம் சின்ன விஷயம் என்பவர்கள் நான்கு கோடு போட்டதில்லை.

அப்படியானால் சின்ன இடத்திலேயே இருந்துவிடலாமே என்றால், அதற்கும் உத்தரவாதமில்லை. 2005-இல் நம் தமிழ்நாட்டிலிருந்து கிளம்பிய பாரமவுண்ட் ஏர்வேஸ் 2010-இல் நின்றது. பெரியதென்றால் நிலைக்கும் என்பதும் பொய். கிங்ஃபிஷர் 2012-இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ஆம் தேதியோடு சரி. விமானிகளின் வாராந்திர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கி, இரவில் தரையிறங்கும் எண்ணிக்கையையும் குறைத்து விதி வந்தபோது, அதற்கேற்ற ஆட்பலம் இல்லாமல் நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனமான இண்டிகோவே 2025 டிசம்பரில் ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்தது. பேரை நம்பிப் போகாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தப் பெண் கேப்டன் போனார். 65 வரை பறக்கலாம் என்றால் இருபத்து மூன்று வருடம் கையில் இருக்கிறது; அதில் நான்கைந்து வருடம் வலப்பக்கம் உட்காரத் தயார் என்றார். கேப்டன் பதவியில் இருப்பவர் விலக ஒரு வருட நோட்டீஸ் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ 2017-இல் போட்ட விதி. எல்லோரும் திட்டும் அந்த விதியை அவர் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டார். மகளின் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிகிற மாதம் பார்த்து நோட்டீஸ் காலம் முடியும்படி கடிதம் கொடுத்தார். இப்போது தன்னைவிடப் பத்து வயது இளைய கேப்டனோடு பறக்கிறார். கூசவில்லையா என்று கேட்டேன். முதல் மாதம் மட்டும் என்றார்.

அதே கேள்வியோடு 53 வயதுக்காரர் ஒருவரும் வந்தார். வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். இழந்த இருக்கையை மீட்பதற்குள் பாதிக் காலம் போய்விடும். என் கட்சி இதுதான்: நாற்பத்தைந்துக்குள் என்றால் துணிந்து போகலாம், ஐம்பதைத் தாண்டினால் இருக்கும் இடத்தில் நல்ல பெயரோடு இருக்கலாம். இடையில் இருப்பவர்கள் வீட்டில் இருப்பவர்களைக் கேட்க வேண்டும். என்னோடு முரண்படும் கேப்டன்கள் பலர் உண்டு.

உங்களில் பெரும்பாலோர் விமானத்தில் ஜன்னல் ஓரம்தான் உட்காரப் போகிறீர்கள். ஆனாலும் வங்கியிலும் மருத்துவமனையிலும் மென்பொருள் நிறுவனத்திலும் கடைசியாகச் சேர்ந்தவருக்கென்று ஒரு ரோஸ்டர் இருக்கத்தான் செய்கிறது. நாற்பதில் அழைப்பு வரும்போது, சம்பளத்தைக் கேட்பதற்கு முன் அதை வாங்கிப் பாருங்கள்.

இன்னொரு வேண்டுகோள், இது இப்போதைக்கு. அடுத்த மாதம் ஏதோ ஓர் இடத்தில் கடைசியாகச் சேர்ந்தவர் நீங்களாக இருப்பீர்கள். உங்களைவிட இருபது வயது மூத்த, நன்றாக வேலை தெரிந்த ஒருவர் போன் செய்து, "தம்பி, அங்கே எப்படி இருக்கிறது?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார். கம்பெனிப் பெருமை பேசாதீர்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.