புதுமனையும் கடன் பத்திரமும்

(ஒரு புதுமனைப் புகுவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வீட்டுத் தோழரும் அவரது துணைவியாரும் புரோகிதன் இல்லாமலும், ஹோமப் புகை இல்லாமலும், ஒரு பசுமாட்டை மூன்றாவது மாடிக்கு இழுத்து வந்து வதைக்காமலும் இந்தப் புதுமனைப் புகுவிழாவை நடத்துகின்றார்கள் என்பதற்காக எனக்கு முன் பேசிய தோழர்கள் பாராட்டினார்கள். நானும் பாராட்டுகின்றேன். ஆனால் நான் பாராட்டுவதற்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கின்றது. அதாவது, பாங்கிக்காரர் கொண்டுவந்து நீட்டிய நாற்பது பக்கத்துக் கடன் பத்திரத்தை இவர்கள் இருவரும் மூன்று இரவு உட்கார்ந்து படித்துப் பார்த்த பின்பே கையெழுத்துப் போட்டார்கள். புரோகிதனை விலக்குகின்றவர்கள் நம்மில் பலர் உண்டு. கடன் பத்திரத்தைப் படிக்கின்றவர்கள் எத்தனை பேர்?

சாதாரணமாக நம் மக்கள் முதன்முதலாக வீடு வாங்குவதென்றால் என்ன செய்கின்றார்கள்? முதலில் ஜோசியனிடம் போகின்றார்கள். பிறகு வாஸ்துக்காரனை அழைத்து வருகின்றார்கள். பிறகு வளர்பிறையில் நாள் பார்க்கின்றார்கள். இந்தப் பைத்தியத்திற்கு நமது ரிஜிஸ்தர் ஆபீசுகளே இடம் கொடுத்து, முகூர்த்த நாள் என்றால் அதிகப்படியான டோக்கன் கொடுக்கின்றன. மற்ற நாளில் பதிந்த பத்திரம் செல்லாதா? ஆடி மாதத்தில் பதிந்த கிரயத்தை எந்தக் கோர்ட்டாவது தள்ளியிருக்கின்றதா?

நல்ல நாளுக்கு விலை என்ன என்று கேட்டால் கணக்காகவே சொல்லலாம். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு 30 லட்ச ரூபாய் கடன் அனுமதியாகி, பாங்கியில் காசோலையும் தேதியிட்டுத் தயாராகிவிட்டது. அவருடைய மாமனார் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுப் பதினோரு நாள் பொறுக்கச் சொன்னார். காசோலை பாங்கி மேஜைக்குள்ளேயே கிடந்தது. வட்டியோ காசோலைத் தேதியிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. நூற்றுக்கு எட்டரை வட்டியில் 30 லட்சத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் 700 ரூபாய். பதினோரு நாளைக்கு 7,700 ரூபாய் தண்டம். பணம் கைக்குப் போகாத நாளுக்கு வட்டி வாங்குவது அநியாயம் என்று ரிசர்வ் பாங்கியே 2024 ஏப்ரலில் சொல்லி, அப்படி வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும்படியும் உத்தரவிட்டது. பாங்கிக்காரர் செய்த அநியாயத்திற்கு ஒரு ரிசர்வ் பாங்கி இருந்தது. பஞ்சாங்கக்காரன் செய்த அநியாயத்திற்கு யாரிடம் போய் முறையிடுவது?

வாஸ்துவின் சங்கதி இன்னும் மோசம். சமையலறை அக்கினி மூலைக்கு வரவேண்டும் என்று சுவரை இடித்து மாற்றிக் கட்டிவிடுகின்றார்கள். பிறகு பாங்கி அனுப்பும் இஞ்சினியர் வந்து, அனுமதி பெற்ற வரைபடத்தில் இருப்பது ஒன்று, கட்டடத்தில் இருப்பது வேறு என்று எழுதிவிட்டால், கடன் குறையலாம், அல்லது அடியோடு நின்றும் போகலாம். மூலையில் அக்கினி வந்ததோ இல்லையோ, வயிற்றில் வந்துவிடும்.

ஜாதகத்தைவிட முக்கியமான ஜாதகம் ஒன்று இப்போது எல்லோருக்கும் இருக்கின்றது. அதற்குக் கிரெடிட் ஸ்கோர் என்று பெயர். 300 முதல் 900 வரை எண் போட்டிருக்கும். இதைக் கணிப்பது சனியும் செவ்வாயும் அல்ல. நீங்கள் முன்பு வாங்கிய கடனை நாள் தவறாமல் கட்டினீர்களா என்பதைக் கொண்டு கணிக்கின்றார்கள். ஆண்டுக்கு ஒரு முறை இதை இலவசமாகவே வாங்கிப் பார்க்கலாம். பிழை இருந்தால் எழுதித் திருத்தலாம். ஜாதகத்தில் தோஷம் என்றால் பரிகாரம் செய்து தொலைக்கும் ஜனங்கள், இதில் பிறர் கடன் தம் பேரில் தவறாக ஏறியிருந்தாலும் கேட்பதில்லை. இதுவரை கடனே வாங்காதவர்களுக்கு எண் இருக்காது. அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் முதல் விண்ணப்பத்தைத் தள்ளக்கூடாது என்று ரிசர்வ் பாங்கியின் 2025ஆம் வருஷத்து விதி இருக்கின்றது. தள்ளினால் காரணம் கேளுங்கள்.

அடுத்தது கைப்பணம். 40 லட்ச ரூபாயில் ஒரு பழைய வீட்டை வாங்க எண்ணுகின்ற ஒருவருக்கு பாங்கி முழுப்பணத்தையும் கொடுக்காது. 30 லட்சம் வரையுள்ள கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவிகிதமும், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவிகிதமும்தான் உச்ச வரம்பு. நமது நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். ஆக 40 லட்சத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். இந்தத் தொகையை வீட்டு விலையோடு சேர்த்துக் கடன் கணக்குப் பார்ப்பதில்லை. 30 லட்சம் கடன் கிடைத்தாலும் 13 லட்சத்து 60 ஆயிரம் கையில் இருந்தாக வேண்டும். இதை நினைக்காமல் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பிறகு நகையை விற்றும், கைமாற்று வாங்கியும் அல்லல்படுகின்றவர்களை நாள்தோறும் பார்க்கின்றோம். இதில் விற்பவர், "பத்திரத்தில் குறைத்துப் போடுங்கள், மீதியை ரொக்கமாகக் கொடுங்கள்" என்பார். பாங்கி பார்ப்பது பத்திரத்து விலையை. ரொக்கம் முழுவதும் உங்கள் தலையில். அது கள்ளப்பணம் என்ற குற்றமும் உங்கள் தலையில்.

இப்போது தவணையைப் பார்ப்போம். 30 லட்சம், எட்டரை வட்டி, 20 வருஷம். மாதம் 26,035 ரூபாய். முதல் மாதத் தவணையில் 21,250 ரூபாய் வட்டிக்குப் போய்விடும். அசலில் கழிவது 4,785 ரூபாய்தான். ஐந்து வருஷம் விடாமல் கட்டினால் கட்டிய பணம் 15 லட்சத்து 62 ஆயிரம். அசல் எவ்வளவு குறைந்திருக்கும் என்கின்றீர்கள்? சுமார் மூன்றரை லட்சம். 20 வருஷத்துக்கு மொத்தம் 62 லட்சத்து 48 ஆயிரம் கட்ட வேண்டும். அதே கடனை 15 வருஷத்துக்கு வாங்கினால் தவணை 29,542 ரூபாய். அதாவது மாதம் 3,507 ரூபாய் அதிகம். மொத்தத்தில் மிச்சமாவதோ ஒன்பது லட்சத்துக்கு மேல். இந்தக் கணக்கைப் போடுவதற்கு எந்த சாஸ்திரமும் வேண்டியதில்லை. நமது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே போடுவார்கள். பாங்கிக்காரர் தாமாக இதைப் போட்டுக் காட்டமாட்டார். வருஷம் நீள நீள லாபம் அவருக்கு.

மாறும் வட்டி என்றால் ரிசர்வ் பாங்கியின் விகிதம் ஏற ஏற நமது வட்டியும் ஏறும். அப்படி ஏறும்போது பல இடங்களில் தவணையை ஏற்றாமல் வருஷத்தை நீட்டிவிடுகின்றார்கள். கட்டுகின்றவருக்குத் தெரிவதே இல்லை. தவணையை ஏற்றுவதா, வருஷத்தை நீட்டுவதா என்று கடன்காரரைக் கேட்டாக வேண்டும் என்பது 2023 முதல் விதி. கையில் பணம் வந்தால் முன்கூட்டியே அசலில் கட்டலாம். மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு அதற்கு அபராதம் கிடையாது. 2024 அக்டோபர் முதல் எல்லாச் செலவும் சேர்ந்த வருஷ வட்டியை ஒரே தாளில் எழுதித் தரவேண்டும் என்றும் இருக்கின்றது. அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். கடனோடு சேர்த்து ஆயுள் இன்ஷூரன்சும் எடுத்தே ஆகவேண்டும் என்று மிரட்டுவார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வேண்டுமென்று உங்களுக்குத் தோன்றினால் எடுங்கள், அவ்வளவுதான்.

தோழர்களே! நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதற்குமேல்தான். இவ்வீட்டுக்காரர்கள் திருப்பி அனுப்பிய தாள் ஒன்று உண்டு என்று சொன்னால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். அது கிரயப் பத்திரத்தின் நகல். கடன் விண்ணப்பத்தில் அம்மையாரின் சம்பளம் சேர்க்கப்பட்டிருந்தது. அதைச் சேர்த்ததால்தான் 30 லட்சம் கிடைத்தது. அவர் கையெழுத்து எத்தனையோ பக்கத்தில் வாங்கப்பட்டது. ஆனால் கிரயப் பத்திர நகலில் அவர் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை! எழுத்தரைக் கேட்டால், "வழக்கமாக ஆண்பிள்ளை பேரில்தானே எழுதுவது" என்றாராம்.

இது என்ன நியாயம்? சொத்தில் கூட்டு இருப்பவர் கடனில் கூட்டாக இருக்க வேண்டும் என்று பாங்கி கேட்கும். கடனில் கூட்டு இருப்பவருக்குச் சொத்தில் கூட்டு உண்டா என்று எந்தப் பாங்கியும் கேட்பதில்லை. நாளைக்குத் தவணை தவறினால் அம்மையார் சம்பளத்துக்கும் வழக்கு வரும். நாளைக்குப் புருஷனும் மனைவியும் பிரிய நேர்ந்தால் அம்மையார் கையைத் தட்டிக்கொண்டு வெளியே போக வேண்டியதுதான். கடனில் பாதி, வீட்டில் பூஜ்யம்! தாலியைக் கழற்றிப் போட்ட பெண்கள்கூட இந்தக் கயிற்றைக் கவனிக்காமல் கழுத்தை நீட்டிவிடுகின்றார்கள்.

பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டபோது சிரித்தவர்கள் அநேகம் பேர். அது 1989இல் இந்நாட்டில் சட்டமாயிற்று. 2005இல் இந்தியா முழுமைக்கும் வந்தது. அதன் பலனை இப்போது பாங்கி வக்கீலே சொல்கின்றார். தாய்ப் பத்திரத்தைப் புரட்டி, "இந்தப் பூர்வீக மனையை விற்றவருக்கு இரண்டு சகோதரிகள் இருக்கிறார்களே, அவர்கள் கையெழுத்து எங்கே?" என்று கேட்கின்றார். கையெழுத்து இல்லையென்றால் கடன் இல்லை. அன்று மேடையில் கேட்ட கேள்வியை இன்று பாங்கி வக்கீல் தமது பீசுக்காகக் கேட்கின்றார். கேட்கட்டும், நமக்கு ஆட்சேபணை இல்லை. அதைக் கேட்பவர், வாங்குகின்ற பெண்ணின் பெயரையும் ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போவார்?

2025 ஏப்ரல் முதல் பெண்கள் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவிகிதம் குறைத்து நமது சர்க்கார் உத்தரவிட்டது. நல்லதுதான். ஆனால் அது 10 லட்சம் மதிப்புக்குட்பட்ட சொத்துக்கு. பட்டணத்தைச் சுற்றி 10 லட்சத்துக்கு வீடு எங்கே இருக்கின்றது என்று சர்க்கார்தான் காட்ட வேண்டும்.

இவ்வீட்டுத் தோழர் நகலைத் திருப்பி அனுப்பி, இரண்டு பெயரும் சரிபாதியாக எழுதிவரச் செய்தார். எழுத்தருக்கு ஒரு நாள் அதிக வேலை. அவருடைய தாயாருக்குக் கொஞ்சம் வருத்தம் என்று கேள்விப்பட்டேன். அந்த அம்மாள் இதோ முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கின்றார். ஆகையால் அதைப் பற்றி மேலே பேசவில்லை.

சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது. பாதிக் கடன் பத்திரத்தோடு வந்திருக்கின்ற தோழர்கள் இரண்டு பேர் என்னிடம் காட்ட வேண்டுமென்று சொன்னார்கள். பந்தி முடிந்ததும் மாடிக்குக் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து படிப்போம். மனைவிமாரையும் கூட அழைத்து வாருங்கள்.