கண்மணியில் தெரியும் வெள்ளை



பிளாஷ் வெளிச்சத்தில் படம் பிடித்தால் குழந்தையின் கண்மணி சில வேளை சிவப்பாகத் தெரியும். அதனால் கெடுதல் இல்லை. ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் மின்னினால்தான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும். அதைப் பூனைக்கண் என்று சிரிப்போரும், மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்போரும் நம்மிடையே உண்டு. இரண்டுமே விழித்திரைப் புற்றுநோயின் அடையாளமாக இருக்கலாம். இது பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருவது.

நம் உடலில் ஓர் உயிரணு இரண்டாகப் பிரிய அனுமதி வேண்டும். அணுவுக்குள் ஆர்.பி. என்னும் புரதம், தோட்டத்து வாசலில் நிற்கும் ஜாகாவைப் போல் காவல் காக்கிறது. பிரிவைத் தொடங்கிவைக்கும் வேறொரு புரதத்தை அது பிடித்து வைத்திருக்கும். பிரிய வேண்டிய வேளை வந்ததும் ஆர்.பி.யின் மேல் பாஸ்பேட் துணுக்குகள் ஒட்டப்படும். செம்பனைக்கு இடும் உரத்தில் இருக்கிறதே, அதே பாஸ்பேட்தான். (உரத்துக்கும் இந்நோய்க்கும் நாம் முடிச்சுப் போட வேண்டாம்.) ஒட்டியதும் பிடி தளரும், அணு பிரியும். பிறகு பாஸ்பேட் கழற்றப்பட, ஆர்.பி. மறுபடியும் காவலுக்கு வந்துவிடும். ஆராய்ச்சியாளர்கள் இதை 1989-இல் தெளிவுபடுத்தினர்.

இந்தக் கண்நோயில் ஜாகாவே இல்லை. ஆர்.பி.யை உண்டாக்கும் மரபணு, தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டு பிரதிகள் நமக்கு உண்டு. இரண்டும் கெட்டால்தான் நோய் தோன்றும் என்பதை 1971-இல் அமெரிக்க மருத்துவர் ஆல்பிரட் நட்சன், 48 நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு கணக்கிட்டுக் கூறினார். 1986-இல் அந்த மரபணுவும் கண்டுபிடிக்கப்பட்டது. பிள்ளைத்தாய்ச்சி கிரகணத்தில் வெளியே போனாள் என்று தாயைக் குற்றஞ்சாட்டுவது வீண்.

ஆர்.பி.யின் மேல் பாஸ்பேட் ஒட்டாமல் தடுக்கும் மருந்து ஒன்று 2015-இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. காவலாளி இருக்கும் இடத்தில் அது உதவும். காவலாளியே இல்லாத கண்ணில் அது என்ன செய்யும்? ஆகவே இங்கே லேசர், புற்று மருந்து, முற்றிவிட்டால் கண்ணையே எடுப்பது என்றுதான் வைத்தியம் நடக்கிறது. நோய் கண்ணுக்குள் இருக்கும்போதே கண்டு வைத்தியம் செய்தால் மிகப் பெரும்பாலான பிள்ளைகள் பிழைக்கின்றனர். நரம்பு வழியே மூளைக்குச் சென்றுவிட்டால் காப்பாற்றுவது மிகக் கடினம். வலி இல்லை, பிள்ளை விளையாடுகிறது, ஒருநாள் சம்பளம் போய்விடுமே என்று நாம் நாள் கடத்தலாகாது.

ஒரு பிள்ளைக்கு இந்நோய் இருந்தால், தம்பி தங்கைகளின் கண்களையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நோயுற்றவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேருக்கு ஒரு பிரதி பிறவியிலேயே கெட்டிருக்கிறது.