நம் ஊர்க் கடையும் இணையத் தேடலும்

(ஊராட்சிப் பிரதிநிதிகள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சாலையைப் பற்றியோ குடிநீரைப் பற்றியோ பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவை நாள்தோறும் பேசப்படுவன. இன்று, மக்கள் கைப்பேசியிலே கடையைத் தேடுகின்ற வழக்கத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றோம். இவ்விஷயத்தில் நமக்கு ஒரு பாடம் கிடைத்தது. அதற்கு விலை கொடுத்தவர்களோ நாம் அல்ல, பதினொரு பெண்மணிகள். ஆகவே மறைக்காமல் சொல்லிவிடுவதே முறையாகும்.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையை நீங்கள் அறிவீர்கள். பௌர்ணமிதோறும் கிரிவலத்திற்காகச் சென்னைப் பக்கத்திலிருந்து வரும் வண்டிகளுக்கு அச்சாலையில் கணக்கில்லை. சாலையை விட்டுச் சிறிது தூரம் உள்ளே, நமது வட்டாரத்து மகளிர் சுய உதவிக் குழு ஒன்று மரச்செக்கு வைத்து நடத்தி வருகின்றது. நம் மண்ணில் விளைந்த மணிலாவையும் எள்ளையும் ஆட்டி எண்ணெய் எடுக்கின்றனர். எண்ணெயின் தரத்தைக் குறை சொல்வார் இல்லை. ஆயினும் விற்பனை உள்ளூரோடு நின்றது. வங்கிக் கடனோ நிற்கவில்லை.

கூகுளில் பதிந்துவிட்டால் வழிப்போக்கர்கள் வருவார்கள் என்று நாம் யோசனை சொன்னோம். யோசனை தவறன்று. அதை நிறைவேற்றிய விதம் தவறு. நமது அலுவலகத்திலேயே அமர்ந்து, ஒரே பிற்பகலில், பல குழுக்களின் பெயர்களைப் பதிந்து, மாதாந்திர அறிக்கையிலும் எண்ணிக்கையைக் காட்டிவிட்டோம். அடுத்த பௌர்ணமியன்று மாலை, கையில் எண்ணெய்த் தூக்குடன் ஒரு குடும்பத்தார் நமது அலுவலக வாயிலில் வந்து நின்று, செக்கு எங்கே என்று காவலரைக் கேட்டனர். சற்று நேரத்தில் இன்னொரு வண்டி வந்தது. வரைபடத்திலே செக்கின் குறி நமது அலுவலகத்தின் மீது வைக்கப்பட்டிருந்தது! பதிவில் கண்ட தொலைபேசி எண்ணோ, ஒப்பந்தக் காலம் முடிந்து சென்றுவிட்ட ஒரு தற்காலிகப் பணியாளருடையது. அங்கே அப்பெண்மணிகள் கேன்களை நிரப்பி வைத்துக்கொண்டு இரவு ஒன்பது மணி வரையில் காத்திருந்திருக்கின்றனர். மறுநாள் நாம் சென்று வருத்தம் தெரிவித்தபோது, குழுத் தலைவி சொன்னார்: “எண்ணெய் இருக்குதுங்க ஐயா, கெட்டா போயிடும்? வட்டிதான் நிக்க மாட்டேங்குது.”

இதன் பின்னரே நாம் இவ்விஷயத்தைச் சரியாகக் கற்கத் தொடங்கினோம்.

பேருந்து நிறுத்தத்தில் ஒரு வெளியூரார், “நல்ல எண்ணெய் எங்கே கிடைக்கும்?” என்று வினவுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விடை சொல்பவர் மூன்றைப் பார்ப்பார்: கேட்ட பொருள் அங்கே உண்டா, இடம் பக்கத்தில் உள்ளதா, நாலு பேர் அறிந்த கடையா. கூகுளும் ஏறக்குறைய இம்மூன்றையே பார்க்கிறது. பொருத்தம், தூரம், பிரபலம் என்று அந்நிறுவனமே வெளிப்படையாகக் கூறியிருக்கின்றது. இவற்றுள் தூரத்தை நாம் மாற்ற இயலாது. ஆனால் குறி தவறான இடத்தில் இருந்தால் தூரமே பொய்யாகிவிடும். ஆதலின் கடை வாசலிலே நின்று குறியை வைத்தல் முதற் காரியம்.

பொருத்தம் என்பது பெரும்பாலும் சொல்லைப் பற்றியது. இதிலே நாம் ஏமாந்த விதம் வேடிக்கையானது. “நிலக்கடலை எண்ணெய் உற்பத்தி மையம்” என்று அலுவலகத் தமிழில் எழுதி வைத்திருந்தோம். அப்படி யார் தேடுவர்? நம் ஊரார் மணிலா என்பர், மல்லாட்டை என்பர். சென்னையார் கடலை எண்ணெய் என்பர், மரச்செக்கு என்பர். பலர் ஆங்கில எழுத்துக்களிலேயே தமிழை எழுதித் தேடுகின்றனர். தமிழில் வாயால் கேட்கும் வசதியைக் கூகுள் 2017-ஆம் ஆண்டிலேயே ஏற்படுத்திவிட்டது. எழுதத் தயங்குவோரும் அதனால் கேட்கின்றனர். எனவே வாங்குவோர் வாயில் வழங்கும் சொற்களைப் பொருள் விவரத்திலே எழுத வேண்டும். கடையின் பெயரிலேயே அத்தனை சொற்களையும் திணிப்பது கூடாது. பெயர்ப்பலகையில் உள்ள பெயரே பதிவிலும் இருக்க வேண்டும் என்பது விதி. மீறினால் பதிவு முடக்கப்படலாம். செக்கிற்குப் பெயர்ப்பலகையே இல்லை என்பதும் அப்பொழுதுதான் நம் கண்ணில் பட்டது! கடை உண்மையாகவே இருக்கின்றதென்று காட்ட, தெருவையும் பலகையையும் உள்ளே நடக்கும் வேலையையும் வீடியோ எடுத்து அனுப்புமாறு கூகுள் கேட்பதுண்டு. தெருப்பெயர்ப் பலகையும் கதவிலக்கமும் இல்லாத ஊரில் இஃது எத்துணைச் சிரமம்! ஊராட்சி செய்ய வேண்டிய பணி இங்கேதான் இருக்கின்றது.

நேரம் பற்றியும் ஒரு சொல். செக்கு மாலை ஆறு மணிக்கு மூடப்படும் என்று பதிவில் இருந்தது. கிரிவலத்திற்குச் செல்வோர் இரவிலும் வருவர், விடியலிலே திரும்புவர். குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் தனி நேரம் குறிக்கப் பதிவிலே இடமுண்டு. பௌர்ணமி நாட்களுக்கு இப்பொழுது அவ்வாறு குறித்திருக்கின்றனர்.

வாங்கியவர்கள் எழுதும் மதிப்புரை பிரபலத்திற்கு உதவுகிறது. எழுதுமாறு கேட்கலாம், அதில் வெட்கம் வேண்டாம். ஆனால் நல்ல மதிப்புரைக்காகப் பணமோ தள்ளுபடியோ கொடுப்பது விதிக்கு விரோதம். உறவினரைக் கொண்டு ஒரே நாளில் ஐந்து நட்சத்திரங்களை வாரி வழங்கச் செய்வதும் உதவாது. குறை எழுதினாரேல் சண்டைக்குச் செல்லாமல் இரண்டு வரியில் பதில் எழுதுங்கள். ஒருவர் எண்ணெயில் கசடு இருப்பதாக எழுதினார். “வடிகட்டும் முன் தெளிய விடும் நாட்களைக் கூட்டியிருக்கிறோம்” என்று குழுவினர் எழுதினர். அவ்வாறே செய்தும் வருகின்றனர்.

இனி எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியது ஒன்று. மாவு மில் வைத்திருக்கும் ஒருவருக்குத் தொலைபேசியில் அழைப்பு வந்தது. “கூகுளிலிருந்து பேசுகிறோம், உங்கள் கடையை முதலிடத்தில் காட்டுகிறோம்” என்றனர். 4,500 ரூபாய் அனுப்பினார். பணம் போனதே மிச்சம். கேளுங்கள்: கூகுளில் கடையைப் பதிவதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு வரைபடத் தேடலில் முன்னே வைப்பதும் இல்லை என்று அந்நிறுவனமே சொல்கின்றது. பணம் கொடுத்துச் செய்வது விளம்பரம். அது விளம்பரம் என்ற அடையாளத்துடன் தனியே தோன்றும். ஓ.டி.பி. எண்ணை எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். நமது அலுவலகத்தார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

நிலத்திற்குப் பட்டா போன்றது பதிவின் கணக்கு. அதைத் தம்பி மகன் பெயரிலோ, அலுவலகப் பணியாளர் பெயரிலோ வைத்தல் ஆகாது. செக்கின் கணக்கை மீட்பதற்கு நாம் பட்ட பாடு பெரிது. உரிமை கோரி விண்ணப்பித்து, காத்திருந்து, ஒருவாறு பெற்றோம். இதற்கிடையில், வந்து போன எவரோ அதே செக்கை வேறு பெயரில் வரைபடத்திலே சேர்த்துவிட்டிருந்தார். ஒரே செக்கு இரண்டாகக் காட்சியளித்தது. அதையும் ஒன்றாக்க வேண்டியதாயிற்று.

இப்பொழுது பௌர்ணமிதோறும் வண்டிகள் செக்கின் வாசலுக்கே வருகின்றன. எல்லா எண்ணெயும் விற்றுத் தீர்கிறது என்று சொல்ல மாட்டோம். மழை பெய்த பௌர்ணமியில் நான்கே வண்டிகள் வந்தன. தவணை மட்டும் தவறவில்லை.

கடையின்றி வீட்டிலிருந்தே பலகாரம் செய்து கொண்டுபோய்க் கொடுப்போரும் பதியலாம். முகவரியைக் காட்டாமல், எந்தெந்த ஊருக்குச் சென்று கொடுப்பார்கள் என்பதை மட்டும் குறிப்பிட்டால் போதும்.

கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்க விரும்புவோர் கொடுக்கலாம். ஆனால் பதிவு எதுவும் இங்கே செய்யப்படமாட்டாது. வரும் திங்கட்கிழமை முதல், நாளைக்கு ஓர் ஊராட்சி வீதம், நாம் உங்கள் கடை வாசலுக்கே வருவோம். உரியவர் தம் கைப்பேசியுடன் அங்கே இருக்க வேண்டும். அதற்குள் தெருப்பெயர்ப் பலகையையும் கதவிலக்கத்தையும் எழுதி முடித்து வைக்குமாறு தலைவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.