கூத்துக்குள் ஓடும் காலம்



கதைக்குள்ளே ஒரு காலம் ஓடுகிறது. அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கும் ஒரு காலம் ஓடுகிறது. இந்த இரண்டுக்கும் கணக்கு வைப்பவர் யார் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தவன் கனடாவில் வளரும் என் பெறாமகன். சென்ற விடுமுறைக்கு ஊருக்கு வந்தவன், தானும் நண்பர்களும் ஆடும் ஒரு மேசை விளையாட்டைப் பற்றிச் சொன்னான். 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கியது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி இருப்பார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் பதுங்குகிறேன்" என்று சொல்லிக்கொண்டு போவார்கள். ஐயமான இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும்.

"பெரியப்பா, இதிலே கஷ்டமான வேலை பூதத்தோடு சண்டை பிடிக்கிறதில்லை. நேரத்தைக் கணக்கு வைக்கிறதுதான்" என்றான் அவன். பழைய விதிப்படி, நிலத்தடி இருட்டறைகளில் ஒரு 'முறை' என்பது பத்து நிமிடம். ஒரு தீப்பந்தம் ஆறு முறைக்கு எரியும். அதாவது ஒரு மணித்தியாலம். ஒரு சுவரைத் தட்டிப் பார்த்தாலும் ஒரு முறை கழியும். நடத்துபவர் ஒவ்வொரு முறைக்கும் தாளில் ஒரு கோடு போடுவார். குறித்த கோடுகளுக்கு ஒரு தடவை பகடை உருட்டி, இருட்டில் ஏதேனும் வந்து சேருகிறதா என்று பார்ப்பார். கைகாக்ஸ் 1979இல் எழுதிய கைந்நூலில், இந்தக் காலப்பதிவு கண்டிப்பாக இல்லையென்றால் ஆட்டத்துக்கே பொருளில்லை என்று அழுத்திச் சொல்லியிருக்கிறார்.

யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான். கோடு போடாவிட்டால் பந்தம் அணையாது. பந்தம் அணையாவிட்டால் இருட்டுக்குப் பயமில்லை. பயமில்லாத இடத்தில், போவதா திரும்புவதா என்ற தீர்மானத்துக்கு என்ன பெறுமதி? கணக்கு இருந்தால்தான் செலவு தெரியும். செலவு தெரிந்தால்தான் துணிவு துணிவாகும்.

இது நமக்குப் புதிய செய்தியன்று. மகாபாரதத்தை நினைத்துப் பாருங்கள். அங்கும் பகடைதான் காலத்தைத் தீர்மானிக்கிறது: பன்னிரண்டு ஆண்டு வனவாசம், ஓராண்டு அஞ்ஞாதவாசம். பதின்மூன்றாம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டால் மறுபடியும் பன்னிரண்டு ஆண்டு. விராட நகரின் எல்லையில் ஆநிரை மீட்க அருச்சுனன் வெளிப்பட்டதும் துரியோதனன் எழுப்பும் கேள்வி, தவணை முடிந்துவிட்டதா என்பதே. வீட்டுமர் அதற்குப் பஞ்சாங்கம் கொண்டு விடை சொல்கிறார். ஐந்து ஆண்டுக்கு இரண்டு மாதம் அதிகமாக வரும். அவற்றையும் சேர்த்து எண்ணினால், பதின்மூன்று ஆண்டுக்கு மேலும் ஐந்து மாதமும் பன்னிரண்டு இரவும் கழிந்துவிட்டன என்கிறார். துரியோதனன் மனம் அதை ஏற்கவில்லை. ஒரு பெரும் போரின் வாசலில் நிற்பது நாட்கணக்கைப் பற்றிய ஒரு வழக்கு.

ஒரே மேசையில் இருப்பவர்கள் ஒரே கணக்கை ஏற்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை நாமும் பட்டறிந்தவர்கள். 1996 மே மாதம் இலங்கைக் கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே வந்தது. 2006 ஏப்ரலில் மீண்டும் பழைய நேரம். இடைப்பட்ட ஆண்டுகளில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே வழங்கியது. ஒருவரைச் சந்திக்க நேரம் குறித்தால், "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று கேட்காமல் விடை பெற முடியாது. கடிகாரம் இரண்டானால் கதையும் இரண்டாகிவிடும்.

இனி நமது முற்றத்துக்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மாரியம்மனுக்கு நேர்த்தியாக ஆடப்படும் காத்தவராயன் கூத்தில் தாளும் இல்லை, கோடும் இல்லை. ஆனால் காலக்கணக்குத் தவறுவதில்லை. எப்படி? ஒரே காத்தவராயனை ஒருவருக்குப்பின் ஒருவராகப் பலர் ஆடுவார்கள். பாலகனாக ஆடிய சிறுவன் உள்ளே போவான். அதே நடையோடு வளர்ந்த ஒருவன் வெளியே வருவான். "ஆண்டுகள் பல கழிந்தன" என்று யாரும் கட்டியம் கூறுவதில்லை. பாயிலே இருக்கும் கிழவிக்கும் மடியிலே கிடக்கும் பிள்ளைக்கும் அது விளங்கிவிடும். ஆள் மாறினால் வயது ஏறிவிட்டது.

இன்னொரு கடிகாரமும் அங்கே ஓடுகிறது. அது இரவு. ஆரியமாலைக்காகக் காத்தான் படும் சோதனைகள் ஒவ்வொன்றாகக் கழிய, சாமங்களும் கழிகின்றன. கழுவேறும் கட்டம் வரும்போது கிழக்கு வெளுக்க வேண்டும். இந்த இரண்டு கடிகாரங்களையும் இணைத்து நடத்துபவர் அண்ணாவியார். நான் பார்த்த மேடைகளில், இரவு முந்தினால் அவர் தாளத்தைத் துரிதமாக்குவார். கதை முந்தினால் ஒரு பாட்டை மீட்டும் மீட்டும் பாடவிடுவார். காத்தான் கழுமரத்தை நிமிர்ந்து பார்க்கும்போது, அவனோடு விழித்திருந்த நமக்கும் கண் எரியும், முதுகு வலிக்கும். அவன் களைப்பு நமக்குப் புரிவது பாட்டினால் மட்டுமல்ல. நாமும் செலவழித்திருக்கிறோம் என்பதனாலும்தான்.

நடிகமணி வி. வி. வைரமுத்து ஆயிரக்கணக்கான மேடைகளில் நடித்த 'அரிச்சந்திர மயான காண்ட'த்தின் வெற்றிக்கும் இதில் ஒரு பங்குண்டு என்பேன். அரிச்சந்திரன் கதை நீண்டது. மயான காண்டமோ சுடலையில் ஓர் இரவு. பார்ப்பவரும் இரவிலே, திறந்த வெளியிலே இருக்கிறார். கதையின் இருட்டும் ஊரின் இருட்டும் ஒன்றாகிவிடுகின்றன.

பிறகு காலம் சுருங்கியது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்' தொடக்கம், மட்டக்களப்பின் விடியவிடிய ஆடும் கூத்துகளைச் சுருக்கிப் பேராதனையிலிருந்து நகர மேடைக்குக் கொண்டுவந்தார். அது நடந்திராவிட்டால் படித்தவர் பலர் கூத்தைத் திரும்பியும் பார்த்திருக்கமாட்டார்கள். ஆகவே சுருக்கம் பாவம் என்று நான் சொல்லமாட்டேன். பின்பு யுத்தம் வந்தது. ஊரடங்குச் சட்டம் இரவை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது. விடியும்வரை வெளியில் இருப்பது என்பதே பல ஆண்டுகளாக உயிர்ப் பிரச்சினை ஆயிற்று. யுத்தம் 2009இல் முடிந்தபின் கூத்துகள் திரும்பின. ஆனால் விடியும்வரை இருக்கும் பழக்கம் பலரிடம் திரும்பவில்லை.

அண்மையில் ஓர் ஆசிரியை என்னிடம் வந்தார். பாடசாலைப் போட்டிக்குக் காத்தவராயன் கூத்தை அரை மணித்தியாலத்துக்குள் அடக்க வேண்டுமாம். "ஐயா, எதை வெட்டலாம்?" என்று கேட்டார். அவர் எழுதிவைத்திருந்த பிரதியில், வசதி கருதி, ஒரே மாணவன் தொடக்கம் முதல் கழுமரம் வரை காத்தானாக ஆடுகிறான். பாட்டுகள் மட்டும் நிறைய இருந்தன.

நான் சொன்னேன்: "பிள்ளை, பாட்டில் பாதியை வெட்டுங்கோ. சோதனைகளில் இரண்டைத் தூக்குங்கோ. ஆனால் ஆள் மாறுகிற இடத்தை மட்டும் வெட்டாதேயுங்கோ. சின்னவன் போய்ப் பெரியவன் வரட்டும். அந்த ஒரு கணத்துக்கு மேடை வெறுமையாக இருக்கட்டும். உடுக்கு மட்டும் கேட்கட்டும்."

அவர் தயங்கினார். "வெறும் மேடைக்கு நேரம் போகுமே" என்றார். போகத்தான் வேண்டும் என்றேன். பார்ப்பவர் ஒன்றும் கொடுக்காமல் காத்தானுக்கு வயது ஏறினால், அவன் கழுவேறும்போதும் அவர் ஒன்றும் கொடுக்கமாட்டார்.

சுருக்குவது வேறு, கணக்கை அழிப்பது வேறு. முழு இரவை அரை மணிக்குள் அடக்கலாம். அந்த அரை மணியிலும் காலம் கழிந்தது என்பதை உடம்பு உணரவேண்டும். கனடாவில் மேசையில் கோடு போடும் பொடியனும், உடுக்குச் சத்தத்தில் இரவை அளந்த நமது அண்ணாவியும் செய்தது ஒரே வேலை. நமது கூத்தைக் கையேற்கும் பிள்ளைகள் பாட்டைப் பாடமாக்குகிறார்கள், ஆட்டத்தைப் பழகுகிறார்கள். அண்ணாவியார் ஏட்டில் எழுதிவைக்காத இந்தக் காலக்கணக்கையும், அவர்கள் இருக்கும்போதே கேட்டுப் பழகிக்கொள்ளவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.