முன்பணம் கொடுக்கும் முன்



ஜவ்வாது மலைக்குப் போனவர்களில் பலர் ஜமுனாமரத்தூர் கோலப்பன் ஏரியில் படகு ஏறியிருப்பீர்கள். கோடை விழா நேரத்தில் அந்தக் கரையில் கூட்டம் நெரியும். சவாரி இல்லாத நாளில் படகு என்ன ஆகும்? வெயிலிலும் மழையிலும் கிடக்கும். ஃபைபர் படகை மூடாமல் விட்டால் மேற்பூச்சு வெளுத்துப் போகும்; தடவினால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டும். உள்ளே மழைத்தண்ணீர் தேங்கினால் பாசி பிடிக்கும், கொசு முட்டையிடும், பெடலின் இரும்புப் பாகங்கள் துருவேறும். அதனால் படகு வைத்திருப்பவர் எவருக்கும் ஒரு படுதா வேண்டும். பக்கத்தில் ஏலகிரி புங்கனூர் ஏரிக்கும் இதே கதைதான். கிழக்குக் கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் நிற்கும் விசைப்படகுகளின் இயந்திரத்துக்கும் வலைக்கும் கூட மூடாக்கு வேண்டியிருக்கிறது.

படகு நம்மிடம் இல்லையே என்று வானொலியை அணைத்துவிடாதீர்கள். ஆடியில் விதைத்த சாமை களத்துக்கு வரும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழையும் வந்து நிற்கும். மாசி, பங்குனியில் புளி காயப் போடுவோம். திடீரென்று கோடை மழை கொட்டும். டிராக்டருக்கும் ஆட்டுப்பட்டிக்கும் கூடத் தார்ப்பாய் தேவை. கடையில் மடித்து வைத்திருக்கும் தார்ப்பாயை விரித்துப் பார்த்து வாங்கலாம். ஆனால் நம் அளவுக்குத் தைக்கச் சொல்லும்போது இன்னும் பிறக்காத ஒரு பொருளுக்குக் காசு கொடுக்கிறோம். பொருளைப் பார்த்து முடிவெடுக்க வழியில்லை. தைப்பவரைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அவரை எப்படி எடைபோடுவது என்பதுதான் இன்றைய பேச்சு.

நான் முதலில் பார்ப்பது அவர் சொல்லும் பதிலை அல்ல, கேட்கும் கேள்வியை. "பத்தடிக்கு அஞ்சடி படகுங்க, படுதா என்ன விலை?" என்று போனில் கேட்டுப் பாருங்கள். மறுநொடியே விலை சொல்பவர் ஒரு வகை. "இருங்க, படகு தண்ணியிலேயே நிக்குமா, கரையில ஏத்தி வைப்பீங்களா? நடுவில கூரை இருக்கா? முனை எவ்வளவு உயரம்? தினமும் கழட்டி மாட்டணுமா, மூணு மாசத்துக்கு அப்படியே கிடக்குமா? வண்டியில வெச்சு இழுத்துட்டுப் போவீங்களா?" என்று கேட்பவர் இன்னொரு வகை. தொழில் தெரிந்தவருக்கு இந்த விவரங்கள் இல்லாமல் விலையே சொல்ல வராது. தினமும் கழற்ற வேண்டுமென்றால் எடை குறைந்த துணி. மாதக்கணக்கில் கிடக்குமென்றால் வெயில் தாங்கும் கனமான துணி. வண்டியில் இழுத்துப் போவதென்றால் காற்றில் படபடக்காமல் இழுத்துக் கட்ட அதிகக் கயிறு, அதிக வளையம்.

அவர் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு: தண்ணீர் எப்படி வடியும்? படகின்மேல் படுதாவைத் தட்டையாக விரித்தால் நடுவில் குளம் கட்டும். ஒரு சதுர மீட்டரில் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் அதன் எடை நூறு கிலோ. எந்தத் தையலும் அதை வெகுநாள் தாங்காது. நடுவே மூங்கிலை வளைத்து வைத்து முதுகு போல் உயர்த்த வேண்டும். இருபுறமும் காற்றோட்டத்துக்கு வழி விட வேண்டும். இல்லாவிட்டால் அடியில் ஆவி வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். இதைத் தானாகவே எடுத்துச் சொல்பவரிடம் பாதி நம்பிக்கை வைக்கலாம்.

மீதிப் பாதிக்கு அவருடைய பழைய வேலையைப் பார்க்க வேண்டும். பட்டறையில் தொங்கும் புதுத்துண்டைக் காட்டினால் போதாது. புதிதில் எல்லாத் தார்ப்பாயும் பளபளப்பாகத்தான் இருக்கும். "நீங்க தைச்சு மூணு மழைக்காலம் பார்த்த படுதா ஒண்ணு எங்க இருக்கு? பார்க்கலாமா?" என்று கேளுங்கள். நேர்மையான தொழிலாளி யோசிக்காமல் நாலு இடம் சொல்வார். அங்கே போனால் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். மேற்படலம் உரிந்து வந்தால் பூச்சு சரியில்லை. மடிப்பை நகத்தால் கீறிப் பாருங்கள். மொறுமொறுவென்று இழை உதிர்ந்தால், வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் மருந்தை அந்தப் பிளாஸ்டிக்கில் போதுமான அளவு சேர்க்கவில்லை என்று அர்த்தம். விசாரிக்க இன்னொரு நல்ல ஆள் லாரி ஓட்டுநர். சரக்கு நனைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் என்பதால் எந்தப் பட்டறைத் தையல் நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும். போளூரிலோ திருப்பத்தூரிலோ லாரி நிற்கும் இடத்தில் ஒரு டீ குடித்தபடி விசாரித்தால் போதும்.

இனித் துணிக்கு வருவோம். தார்ப்பாய் விற்பவர்கள் ஜி.எஸ்.எம். என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. 200 ஜி.எஸ்.எம். என்று அட்டையில் அச்சடிப்பது சுலபம். சரிபார்ப்பதும் சுலபம், ஆனால் யாரும் செய்வதில்லை. 18 அடிக்கு 12 அடி தார்ப்பாய் 216 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 20 சதுர மீட்டர். 200 ஜி.எஸ்.எம். உண்மையென்றால் அது நாலு கிலோ இருக்க வேண்டும். மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். மூன்று கிலோதான் காட்டினால் உங்களுக்குக் கிடைத்தது 150 ஜி.எஸ்.எம்.; காசு கொடுத்தது 200-க்கு. அதோடு நீள அகலத்தையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். ஓரம் மடித்துத் தைத்த பிறகு கிடைக்கும் அளவா, மடிக்கும் முன் இருந்த அளவா என்பதில்தான் பெரும்பாலான சண்டை வருகிறது.

நெய்த பிளாஸ்டிக் தார்ப்பாய்க்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 7903 என்ற தரத்தை வகுத்திருக்கிறது. துணியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதன் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற கைப்பேசிச் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் யாருடையது, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒன்றை மறக்காதீர்கள்: அந்த முத்திரை துணிக்குத்தான், தையலுக்கு அல்ல. நல்ல துணியை மோசமாகத் தைத்துத் தருகிறவர்களும் இருக்கிறார்கள்.

தையலில் மூன்று இடத்தைப் பார்க்க வேண்டும். முதலாவது, இரண்டு துண்டுகள் சேரும் இடம். ஓட்டுக் கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் ஏறி உட்காருவது போல, மேல் துண்டு கீழ்த் துண்டின்மேல் படிந்திருக்க வேண்டும். மாற்றித் தைத்தால் வடியும் தண்ணீர் நேராக மடிப்புக்குள் இறங்கும். இரண்டாவது, நூலும் ஊசித்துளையும். கித்தான் துணி நனையும்போது ஊதிக்கொண்டு துளையை ஓரளவு அடைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் துணியில் விழுந்த துளை அப்படியே இருக்கும். அதனால் பி.வி.சி. பூசிய துணியைச் சூடுகாட்டி ஒட்ட வேண்டும். தைத்தே ஆக வேண்டுமென்றால் வெயில் தாங்கும் பாலியஸ்டர் நூலால் இரட்டைத் தையல் போட்டு மேலே பட்டி ஒட்ட வேண்டும். பருத்தி நூல் மட்கிவிடும். மூன்றாவது, கயிறு கோக்கும் வளையம். பித்தளை என்று சொல்வார்கள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத் துண்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். வளையத்தில் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. மழையில் துருப்பிடித்து, துரு துணியையும் அரிக்கும். ஒட்டாவிட்டால் பித்தளையோ அலுமினியமோ. காந்தத்தை நீங்கள் எடுத்தவுடன் அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதையும் கவனியுங்கள். தன் வேலையை நம்புகிறவர் "நல்லா வெச்சுப் பாருங்க சார்" என்பார்.

இப்போது பலர் நேரில் போவதில்லை. கைப்பேசியில் படம் பார்த்து வெளியூருக்கு ஆர்டர் கொடுக்கிறார்கள். தவறில்லை. ஆனால் பணம் அனுப்பும் முன் சில வேலைகள் உண்டு. ஜி.எஸ்.டி. எண்ணைக் கேளுங்கள். பதினைந்து இலக்கம், தமிழ்நாட்டில் பதிவு செய்ததென்றால் 33 என்று தொடங்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் பெயர், பதிவான தேதி, பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தானதா என்பதெல்லாம் வரும். இருபது வருட அனுபவம் என்று விளம்பரம் செய்கிறவர் சென்ற மாதம்தான் பதிவு செய்திருந்தால் ஏன் என்று கேட்கலாம். சின்னப் பட்டறைக்காரருக்கு மொத்த விற்பனையைப் பொறுத்து இந்தப் பதிவு கட்டாயமில்லாமலும் இருக்கலாம். அதை வைத்து மட்டும் யாரையும் ஒதுக்க வேண்டாம். ஆனால் பில்லில் ஒரு பெயர், பணம் போகும் கணக்கில் வேறொரு பெயர் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். "இன்னிக்கு ராத்திரிக்குள்ள முழுப்பணமும் போட்டா பாதி விலை" என்றாலும் நிறுத்திவிடுங்கள்.

முழுப்பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். துணி வாங்க ஆகும் அளவுக்கு முன்பணம், மீதி சரக்கைப் பார்த்த பிறகு என்பது இரண்டு பேருக்கும் நியாயமான ஏற்பாடு. அதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். தைத்து முடிந்த பின் இருக்க வேண்டிய அளவு, துணியின் ஜி.எஸ்.எம்., நிறம், வளையம் என்ன உலோகம், எத்தனை அடிக்கு ஒன்று, என்றைக்குக் கிடைக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கடைசியாக ஒரு வரி: அளவு தவறினால் யார் செலவில் திருத்துவது? மலையில் இருப்பவர்களுக்கு இந்த வரிதான் முக்கியம். சமவெளிக்காரர் வண்டியில் தூக்கிப் போட்டுப் பட்டறைக்கு எடுத்துப் போய்விடுவார். நமக்கு அது பஸ் பார்சல், இறக்குக்கூலி, ஒருநாள் கூலி இழப்பு. இந்த வரியை எழுதத் தயங்காதவர்தான் நான் தேடும் ஆள். வாழ்நாள் உத்தரவாதம் என்று வாயால் சொல்கிறவரைவிட, "கயிறு இழுத்துக் கிழிஞ்சா நான் பொறுப்பில்லைங்க, தையல் பிரிஞ்சா ஒரு வருஷம் வரைக்கும் சும்மா தைச்சுத் தரேன்" என்று தன் பொறுப்பின் எல்லையைச் சொல்கிறவர் மேல். தன் வேலை எங்கே தோற்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதை மறைக்காமல் சொல்லவும் செய்கிறார்.

முடிந்தால் சரக்கு மலையேறும் முன்பே கீழே ஒருமுறை சோதித்துவிடுங்கள். இதற்கு நம் மலையிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. காவலூர் வானாய்வகத்தில் 1986 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியின் பெரிய ஆடியை, பெங்களூரில் இந்திய வானியற்பியல் கழகத்தின் பட்டறையில் தேய்த்து, மெருகேற்றி, அளந்து பார்த்து, சரி என்று ஆன பிறகே காவலூருக்குக் கொண்டு வந்தார்கள். மலைக்கு வந்த பிறகு குறை தெரிந்தால் திருப்பி அனுப்புவது எவ்வளவு பாடு என்பது அவர்களுக்குத் தெரியும். நாம் அவ்வளவு செய்ய வேண்டாம். பட்டறை வாசலில் படுதாவை இரண்டு கம்பத்தில் கட்டி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, அடியில் நின்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

எல்லாம் செய்தும் ஏமாந்தால்? பணம் வாங்கிக்கொண்டு ஆள் காணாமல் போனால் அது மோசடி. இணையவழிப் பணம் என்றால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் சொல்லுங்கள். சரக்கு வந்தும் தரமில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நமக்கு ஒரு நல்ல வசதி உண்டு. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். லாபத்துக்கு மறுபடி விற்க வாங்கியவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. தன் பிழைப்புக்காகத் தானே பயன்படுத்த வாங்கியவருக்குப் பொருந்தும். ஆணையத்துக்குப் போனால் முதலில் கேட்பது பில்லையும், முன்பே எழுதி வாங்கிய அந்தத் தாளையும்தான்.

நம் பக்கமும் ஒரு கடமை உண்டு. அளவைக் குத்துமதிப்பாகச் சொல்லிவிட்டு, பொருந்தவில்லை என்று தைத்தவர்மேல் பாயக் கூடாது. சொன்ன நாளில் மீதிப்பணத்தைக் கொடுக்க வேண்டும். ஒருவர் தனியாக ஒரு படுதா கேட்டால் மலைக்கு ஏறிவந்து அளவெடுக்க எந்தத் தொழிலாளிக்கும் கட்டுப்படியாகாது. மகளிர் குழுவோ, ஊரில் பத்துக் களத்துக்காரர்களோ சேர்ந்து கேட்டால் அவரே டேப்போடு வந்துவிடுவார், விலையும் இறங்கும். அடுத்த வருடமும் நம்மிடம் வேலை வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்துவிட்டால், நாம் காந்தத்தை எடுக்கும் முன்பே அவர் பித்தளை வளையம் போட்டிருப்பார். இந்தப் பருவத்துக்கு வேண்டும் என்பவர்கள் இந்த வாரமே கூடிப் பேசி அளவெடுங்கள். மழை வந்த பிறகு போனால் எல்லாப் பட்டறையிலும் கூட்டம் இருக்கும். அவசரத்தில் இருப்பவர் யாரையும் சோதித்துப் பார்க்க மாட்டார்.